விரைவும் கலையும்

நம் கல்லூரி ஆண்டுமலரின் தமிழ்ப்பகுதியிலே, சங்க நூல்களையும் காப்பியங்களையும் விடுத்து, இத்தாலி நாட்டு ஓவியர் சிலரைப்பற்றி எழுதப் புகுந்தமைக்குக் காரணம் கூறுதல் எம் கடன். சென்ற கோடை விடுமுறையில் யாம் புதுச்சேரியில் எம் இல்லத்திருந்தபோது, பொறியியல் பயிலும் எம் தமையனார், எம் மேசைமீது கிடந்த அகநானூற்றைப் புரட்டிப் பார்த்து, "தம்பி, உலகம் விமானத்திற் பறக்கின்றது, நீ இன்னும் தேரைவிட்டு இறங்கவில்லையே!" என்றார். விளையாட்டாகச் சொன்ன சொல்லே. எனினும் அது நெஞ்சில் தைத்தது. பழம்பாட்டைப் படிப்போர்க்கு இயந்திர உலகில் என்ன வேலை? இவ்வினாவுக்கு விடை தேடி நூல்நிலையத்திற் புத்தகங்களைப் புரட்டியபோது, இதே வினாவை நூறாண்டுகட்கு முன்னரே உலகமெல்லாம் கேட்கும்படி உரத்த குரலில் எழுப்பிய ஒரு கூட்டத்தாரைக் கண்டோம். அவரே பியூச்சரிஸ்டுகள் எனப்பட்டோர். தமிழில் அவரை வருங்காலக் கொள்கையினர் என்னலாம். அவர்தம் கலை யாது, அதனிற் கொள்ளத்தக்கது யாது, தள்ளத்தக்கது யாது என்பவற்றை எம் சிற்றறிவிற்கு எட்டியவாறு ஈண்டு எடுத்துரைப்பாம்.

கொள்கையின் தோற்றம்

1909ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 20ஆம் நாள், பாரிஸ் மாநகரத்து 'பிகாரோ' என்னும் நாளிதழின் முதற்பக்கத்தில் ஓர் அறிக்கை வெளிவந்தது. அதனை எழுதியவர் பிலிப்போ தொம்மாசோ மரினெத்தி என்னும் கவிஞர். அவர் இத்தாலியப் பெற்றோர்க்கு 1876இல் எகிப்து நாட்டு அலெக்சாந்திரியாவிற் பிறந்தவர். பிரெஞ்சு மொழியிற் கவி பாடிப் பழகியவர். அவர் பிரெஞ்சு இதழில் அவ்வறிக்கையை வெளியிட்ட நாளில், பிரெஞ்சு ஆட்சிக்குட்பட்டிருந்த நம் புதுச்சேரியிலே பாரதியார் அடைக்கலம் புகுந்து 'இந்தியா' வார இதழை நடத்திக்கொண்டிருந்தார் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. இருவரும் வெவ்வேறு உலகத்தினர். எனினும், நெடும்பழமை வாய்ந்த நாட்டிற் பிறந்த இளைஞர்க்குப் புதுமையின்கண் எழும் வேட்கை எங்கும் ஒருதன்மையதே போலும்!

மரினெத்தி கூறியவற்றின் சுருக்கம் இது: விரைவு என்னும் புதியதோர் அழகு உலகிற்கு வாய்த்துள்ளது, பந்தய மோட்டார் வண்டி, பாரிஸ் பொருட்காட்சிசாலையிற் போற்றப்படும் கிரேக்க வெற்றித்தெய்வத்தின் சிலையினும் அழகுடையது, பொருட்காட்சிசாலைகளும் நூல்நிலையங்களும் இடுகாடுகளை ஒத்தவை, அவற்றை ஒழித்தல் வேண்டும், போர் உலகைத் தூய்மை செய்யும் மருந்து. அறிக்கை வெளிவருவதற்கு முன்னாண்டாகிய 1908இல், மிலான் நகர்ப்புறத்தே அவர் தம் மோட்டார் வண்டியை விரைந்து செலுத்துகையில், சைக்கிளில் எதிர்வந்த இருவரை விலக்கப் புகுந்து பள்ளத்தில் வண்டியோடு கவிழ்ந்தார். பிறராயின் அன்றோடு விரைவை வெறுத்திருப்பர். இவரோ அவ்விபத்தையே தம் அறிக்கைக்கு முன்னுரையாக்கிக்கொண்டார்.

இத்தகைய கொள்கை இத்தாலியிற் பிறந்தமைக்குக் காரணம் உண்டு. பல சிற்றரசுகளாய்ச் சிதறிக் கிடந்த அந்நாடு 1861இலே ஓரரசாயிற்று. 1870இல் உரோமாபுரியும் அதனோடு இணைந்தது. வடபாலுள்ள மிலான், தூரின் நகரங்களில் ஆலைகள் எழுந்தன. தூரினில் 1899இல் பியட் மோட்டார்த் தொழிற்சாலை தோன்றிற்று. ஆயினும் உலகத்தார் இத்தாலியை நோக்கியது பழைய தூண்களையும் சிலைகளையும் காண்பதற்கே. 'எம் முன்னோரைக் காண வருகின்றனர். எம்மைக் காண்பார் ஒருவரும் இலர்' என்னும் ஏக்கமே அவ்விளைஞரின் சினத்திற்கு வித்து. புதுச்சேரியிற் பிறந்த எமக்கு இவ்வேக்கம் விளங்காததன்று. பழைய வீதிகளிற் படம் எடுத்துக்கொள்வோர் கூட்டத்தினூடே புகுந்து கல்லூரிக்குச் சென்றுவரும் எம்போலியர், 'நாமும் இவ்வூரில் வாழ்கின்றோம்' என்று ஒருகால் எண்ணாதிருப்பரோ?

ஓவியத்தில் இயக்கம்

மரினெத்தியின் அறைகூவலைக் கேட்டு 1910இல் ஓவியர் ஐவர் ஒன்றுகூடித் தம் அறிக்கைகளை வெளியிட்டனர். உம்பெர்த்தோ பொச்சோனி, கார்லோ கார்ரா, லூயிஜி ருசோலோ, ஜாக்கோமோ பால்லா, ஜீனோ செவெரினி என்போர் அவர். ஓவியம் நிலைத்தது, உலகம் இயங்குவது. இயங்குவதை நிலைத்த துணிமீது காட்டுதல் எங்ஙனம்? இதுவே அவர் தமக்குத்தாமே இட்டுக்கொண்ட கணக்கு.

இக்கணக்கிற்குத் துணையாயிற்று ஒளிப்படக்கலை. ஏத்தியேன் ஜூல் மாரே என்னும் பிரெஞ்சு அறிஞர், நடக்கும் மனிதனும் பறக்கும் பறவையும் நொடிக்கு நொடி கொள்ளும் நிலைகளை ஒரே தகட்டிற் பதிக்கும் முறையை 1882இற் கண்டார். அத்தகடுகளில் ஒரு காலே பலவாய் வரிசைப்பட்டுத் தோன்றும். ஓடும் குதிரைக்குக் கண்ணிற்படும் கால்கள் நான்கல்ல, இருபது என்று வருங்காலக் கொள்கையினர் கூறியது இதுபற்றியே.

பால்லா 1912இல் தீட்டிய நாய்க்குட்டிப் படத்தை எடுத்துக்கொள்வோம். பெண் ஒருத்தி சங்கிலியிற் பிணித்த குட்டைக்கால் நாயொன்றை வீதியில் நடத்திச் செல்கின்றாள். அவள் முகம் படத்தில் இல்லை; பாவாடை விளிம்பும் காலணிகளுமே உண்டு. நாயின் கால்கள் பலவாய் விசிறிபோல் விரிகின்றன. வால் பல வால்களாகின்றது. சங்கிலி பல வளைவுகளாய் அலைகின்றது. சிறுபிள்ளையும் இதனைக் கண்டு நகைக்கும். நகைத்தவுடனே நாய் நடப்பதையும் உணரும்.

பொச்சோனியின் நோக்கம் இன்னும் ஆழமானது. அவர் 1911இல் ரெயில் நிலையத்தைப் பொருளாகக் கொண்டு மூன்று படங்கள் தீட்டினார். விடைபெறுதல், செல்வோர், நிற்போர் என்பன அவை. முதற்படத்தில், தழுவி விடைபெறும் மக்களின் உருவங்கள் புகையினூடே அலையலையாய்ச் சுழல, எஞ்சினின் எண்ணாகிய 6943 என்பதுமட்டும் தெளிவாய் நிற்கின்றது. செல்வோரைக் காட்டும் படத்திற் கோடுகளெல்லாம் சாய்ந்து விரைகின்றன. முகங்கள் துண்டுபட்டுப் பறக்கின்றன. நிற்போரைக் காட்டும் படத்திலோ, கோடுகள் மழைத்தாரைபோல் நேராய் விழுகின்றன. அவற்றினூடே குனிந்த உருவங்கள் தள்ளாடி வீடு திரும்புகின்றன. விழுப்புரத்தோடு புதுச்சேரியை இணைக்கும் ரெயில் பாதை 1879இல் திறக்கப்பட்டது. அன்றுதொட்டு எத்துணை மகளிர் தம் மக்களை நம் ஊர் நிலையத்தில் வழியனுப்பி, அந்நேர்க்கோடுகளினூடே வீடு திரும்பியிருப்பர்! செலவும் பிரிவும் உள்ளத்தில் எழுப்பும் விசைக்கு வடிவம் உண்டு என்று கண்டமை பொச்சோனியின் பெருமை. பிரிவைப் பாலை என்றும், காத்திருத்தலை முல்லை என்றும் வகுத்துக் கற்கும் தமிழ் மாணவர்க்கு இம்மூன்று படங்களும் அயலாகத் தோன்றா.

அக்காலத்தே பாரிஸில் பிக்காசோ, பிராக் என்போர் கியூபிசம் என்னும் முறையை வளர்த்தனர். பொருளைப் பல பக்கங்களினின்றும் நோக்கி, அப்பக்கங்களை ஒரே படத்தில் அடுக்குவது அம்முறை. வருங்காலக் கொள்கையினர் அதனிடம் கற்றனர். ஆயினும் வேற்றுமை உண்டு. கியூபிசத்திற் பொருள் நிற்க, காண்பான் சுற்றி வருகின்றான். வருங்காலக் கொள்கையிற் பொருளே விரைகின்றது. பொருளினின்றும் வெளியே பாய்ந்து சுற்றுப்புறத்தை ஊடுருவும் கோடுகளை அவர் விசைக்கோடுகள் என்றனர். பொச்சோனி 1913இற் செய்த நடக்கும் மனிதனின் சிற்பத்தில், தசையெல்லாம் காற்றில் அலையும் துணிபோற் பின்னோக்கிப் பறக்கின்றது. இத்தாலி நாடு வெளியிடும் 20 செண்டு யூரோ நாணயத்தில் அவ்வுருவமே பொறிக்கப்பட்டுள்ளது.

நம் நாட்டில் இக்காற்று வீசியதுண்டா எனின், உண்டு. இரவீந்திரநாத தாகூரின் உறவினரும் அவனீந்திரநாதரின் தமையனாருமாகிய ககனேந்திரநாத தாகூர் (1867–1938), 1920ஐ அடுத்த ஆண்டுகளிற் பொருள்களைக் கண்ணாடித் துண்டுகளென உடைத்து, ஒளியும் நிழலும் ஒன்றையொன்று வெட்டும் படங்களை வரைந்தார். ஸ்டெல்லா கிராம்ரிஷ் அம்மையார் 1922இல் 'ரூபம்' இதழில் அவரை இந்தியக் கியூபிஸ்டு என அறிமுகம் செய்தார். ஆனால் ககனேந்திரர் மோட்டார் வண்டியை வழிபடவில்லை. அவர் படங்களில் மாடிப்படிகளும் இருண்ட கூடங்களும், அவற்றுட் பாயும் ஒளியும் உள்ளன. மேலைநாட்டு முறையைக் கொண்டார். அதன் ஆரவாரத்தைக் கொள்ளாது விடுத்தார்.

சொல்லும் ஒலியும்

ஓவியத்தோடு அவர் நின்றாரல்லர். மரினெத்தி 1912இல் இலக்கியத்திற்கும் ஓர் அறிக்கை வரைந்தார். பெயரடை, வினையடைகளை நீக்குக; நிறுத்தக் குறிகளை ஒழிக்க; வினையைக் காலமும் இடமும் காட்டாது வெறுந்தொழிலாக வைக்க; உவமவுருபு வேண்டா, பெயரோடு பெயரை நேரே பிணைக்க என்பன அவர் விதிகள். சொற்களுக்கு விடுதலை என்பது இம்முறையின் பெயர். 1912இல் பால்கன் போரில் நிகழ்ந்த ஆத்ரியானோபிள் முற்றுகையைப் பொருளாக வைத்து, பீரங்கி முழக்கத்தையே தலைப்பாகக் கொண்ட 'சாங் தும்ப் தும்ப்' என்னும் நூலை 1914இல் வெளியிட்டார். அதில் எழுத்துக்கள் பெரிதும் சிறிதுமாய், நேரும் சாய்வுமாய்ப் பக்கமெங்கும் வெடித்துச் சிதறுகின்றன.

தமிழ் இலக்கணம் பயின்றார் இவ்விதிகளைப் படிக்குங்கால் முறுவலியாதிரார். நிறுத்தக் குறியில்லாத எழுத்து நமக்குப் புதிதன்று; நம் ஏட்டுச்சுவடிகளில் அக்குறிகள் ஏது? உவமவுருபின்றிப் பெயரோடு பெயரைப் பிணைத்தலும் புதிதன்று. உவமத்தொகை என்று தொல்காப்பியரே அதற்குப் பெயரிட்டார். தொழிலையே பெயராக்கிக் கூறத் தொழிற்பெயர் உண்டு. ஒலியைச் சொல்லாக்க மடமட, சலசல என்னும் இரட்டைக்கிளவிகள் உண்டு. செய்யுளியலில் வண்ணம் இருபது என்று தொகுத்த ஆசிரியர், அசைந்து செல்லும் ஓசையைத் தூங்கல் வண்ணம் என்றும், உருண்டோடும் ஓசையை உருட்டு வண்ணம் என்றும், அடியின் வரையறை தோன்றாது விரைந்தோடும் ஓசையை முடுகு வண்ணம் என்றும் பிரித்தார். அருணகிரிநாதரின் திருப்புகழை வாய்விட்டு ஓதினார் ஓசையின் விரைவை அறிவர். மிலான் நகரத்தார் 1912இற் கண்ட புதுமையிற் சிலவற்றை நம் முன்னோர் பண்டே அறிந்திருந்தனர் என்று பெருமைகொள்ளுதற்கு இதனைக் கூறினோமல்லேம். புதியது என்று ஆரவாரிக்குமுன் பழையதைப் படித்துப் பார்த்தல் நன்று என்பதே கருத்து.

இசைத்துறையில் ருசோலோ புகுந்தார். 1913இல் அவர் எழுதிய அறிக்கை, ஆலையும் டிராம் வண்டியும் மோட்டாரும் எழுப்பும் இரைச்சல்களை இசைக்குள் ஏற்கவேண்டும் என்றது. இரைச்சலை ஆறு வகையாக வகுத்து, அவற்றை எழுப்ப மரப்பெட்டியும் ஊதுகுழலும் சுழற்றுபிடியும் உடைய கருவிகளைச் செய்தார். 1914 ஏப்ரலில் மிலான் அரங்கில் அவற்றை முழக்கியபோது, கேட்டோர் கூச்சலே கருவிகளின் ஒலியை விழுங்கிற்று. ஆயினும், இன்று திரைப்படத்திலும் மின்னிசையிலும் இரைச்சலை இசைப்பொருளாய் ஆள்வோர் ருசோலோவை முன்னோடியாக மதிக்கின்றனர். விடியற்காலையிற் புதுச்சேரி வீதியில் நின்று செவிமடுப்போமாயின், கடலிரைச்சலும், மாதாகோயில் மணியும், மீன்காரியின் கூவலும், ஆட்டோ ரிக்ஷாவின் படபடப்பும் ஒன்றன்மேலொன்று ஏறுவதைக் கேட்கலாம். ஊரின் ஓசைக்குச் செவிகொடுக்கக் கற்பித்தமைக்கு அவர்க்கு நன்றி கூறுவாம்.

கட்டடம்: மிலானும் புதுச்சேரியும்

கட்டடக் கலைஞராகிய அந்தோனியோ சாந்தெலியா, 1914இல் மிலான் கண்காட்சியிற் 'புதிய நகரம்' என்னும் வரைபடங்களை வைத்தார். படிப்படியாய் உயரும் மாளிகைகள், அவற்றின் புறச்சுவரோடு ஒட்டி ஏறும் மின்தூக்கிகள், அடுக்கடுக்காய் அமைந்த சாலைகள், ரெயிலும் விமானமும் வந்துசேரும் பெருநிலையம், மின்னாக்க நிலையம் என அவர் கண்ட நகரம் ஓர் இயந்திரமே. கல்லும் மரமும் விடுத்து இரும்பும் கண்ணாடியும் கான்கிரீட்டும் கொள்க என்றும், ஒவ்வொரு தலைமுறையும் தன் நகரத்தைத் தானே கட்டிக்கொள்க என்றும் அவர் கூறினார். அவ்வரைபடங்களில் ஒன்றேனும் அவர் காலத்திற் கட்டடமாய் எழவில்லை.

இயந்திர காலத்துக் கட்டடம் எத்தகையதாதல் கூடும் என்று நேரிற் காண விழைவோர் மிலானுக்குச் செல்லவேண்டுவதில்லை, புதுச்சேரியிலே காணலாம். அரவிந்தர் ஆசிரமத்தாரின் தங்கும் விடுதியாகிய கோல்கொண்டா என்னும் கட்டடம் 1937இல் தொடங்கப்பட்டது. அதனை வகுத்தவர், செக் நாட்டிற் பிறந்து ஜப்பானிற் பணிபுரிந்த அந்தோனின் ரேமண்ட். உடனிருந்து உழைத்தோர், ஜப்பானிய மரபில் வந்த அமெரிக்கராகிய ஜார்ஜ் நக்கஷிமாவும், செக் நாட்டவராகிய பிரான்டிஷெக் சாம்மரும் ஆவர். ஐதராபாத்து நிசாம் அரசின் நன்கொடை, அந்நாட்டு அமைச்சர் சர் அக்பர் ஐதரியின் வாயிலாய்க் கிடைத்தமையின், கோல்கொண்டா என்னும் பெயர் வந்தது. இரண்டாம் உலகப்போரிற் பொருள்கள் கிட்டாது வேலை தாழ்ந்து 1940களிலே முற்றுப்பெற்றது. நம் நாட்டிற் கான்கிரீட்டால் எழுந்த நவீனக் கட்டடங்களுள் இது மிக முற்பட்டவற்றுள் ஒன்று.

இக்கட்டடம் வருங்காலக் கொள்கையினரின் படைப்பன்று. ஆயினும் அவர் போற்றிய அதே பொருளால் ஆயது. ஆதலின் இரண்டையும் ஒப்பிடுதல் பயன்தரும். வடக்கும் தெற்குமாகிய நீண்ட முகப்புக்களிற் கண்ணாடிச் சாளரங்கள் இல்லை. அவற்றின் இடத்தில் மேலிருந்து கீழ்வரை கிடைத்தகடுகள் அடுக்கப்பட்டுள்ளன. அவற்றைக் கையால் திருப்பி வெயிலையும் மழையையும் தடுக்கலாம். கடற்காற்றை உள்ளே விடலாம். அறைக்கதவுகளும் காற்றுப் புகும் இடைவெளியுடைய தேக்குச் சட்டங்களால் ஆனவை. கூரைமீது வளைந்த கான்கிரீட்டு ஓடுகளைக் கவித்து, இடையே காற்றோட்டம் வைத்து வெப்பத்தைக் குறைத்தனர். அசையும் தகடுகளால் ஆகிய முகப்பு இருத்தலின் இதுவும் ஓர் இயந்திரமே. ஆயினும் இவ்வியந்திரம் விரைதற்கன்று, அமைதியாய் இருத்தற்கு. சாந்தெலியாவின் நகரம் மனிதனை எங்கோ விரட்டுகின்றது. புதுச்சேரிக் கட்டடம் அவனை நிழலில் அமர்த்துகின்றது. ஒரே சிமெண்டும் இரும்புக்கம்பியும் இருவேறு நோக்கத்திற்கு இயைந்தன எனின், குற்றமும் குணமும் பொருளின்பாலன்று, அதனை ஆளுவோர்பாலே என்பது விளங்கும்.

போரும் நினைவுத்தூணும்

இனி, இக்கொள்கையின் இருண்ட பகுதியைக் கூறாது விடுதல் நேர்மையன்று. போரைப் புகழ்ந்தோர்க்குப் போர் வந்தது. 1915 மேத் திங்களில் இத்தாலி முதல் உலகப்போரிற் புகுந்தது. மரினெத்தி, பொச்சோனி, ருசோலோ, சாந்தெலியா முதலியோர் சைக்கிளும் மோட்டாரும் செலுத்துவோர் சேர்ந்த தொண்டர் படையில் மகிழ்ந்து சேர்ந்தனர். 1916 ஆகஸ்டில், வெரோனா நகருக்கு அருகே, பயிற்சியின்போது பொச்சோனி குதிரையினின்றும் வீழ்ந்து மாண்டார், அகவை 33. அவ்வாண்டு அக்டோபரிற் சாந்தெலியா போர்முனையில் மாண்டார், அகவை 28. ருசோலோ 1917இல் தலையிற் காயமுற்றார். இயந்திரத்தைப் பாடிய ஓவியனைக் குதிரை கொன்றது; புதிய நகரத்தை வரைந்தவனுக்கு ஒரு தெருவேனும் கட்ட நாள் இல்லாதாயிற்று.

மரினெத்தியோ இவற்றால் மனந்திரும்பினாரல்லர். 1919இல் மிலானில் முசோலினி பாசிசக் கூட்டத்தைத் தொடங்கியபோது உடனிருந்தார். 1929இல் அவ்வரசின் கலைக்கழகத்தில் உறுப்பினரானார். கழகங்களைப் பழித்தவர் கழகத்தில் அமர்ந்தார்! 1935இல் இத்தாலி எத்தியோப்பியாவின்மேற் படையெடுத்தபோதும் தொண்டராய்ச் சென்றார், 1944இல் இறந்தார்.

நம் ஊர்க் கடற்கரைச் சாலையிலே, 1914 முதல் 1918 வரை நடந்த போரிற் பிரெஞ்சு இந்தியாவினின்றும் சென்று மடிந்தோர்க்கு ஒரு நினைவுச்சின்னம் உண்டு. ஆண்டுதோறும் ஜூலை 14ஆம் நாள் அங்கே விளக்கேற்றி மரியாதை செய்வர். பொச்சோனி மாண்ட அதே போரிலே, வேறொரு போர்முனையிலே, நம் ஊர்ப் பிள்ளைகளும் மாண்டனர். அவர்க்குப் போரைப் புகழும் அறிக்கை ஒன்றும் தெரியாது. போரின் தூய்மை என்பது இக்கல்லின்முன் நின்று சொல்லத்தக்க சொல்லா? தமிழரும் போரைப் பாடினர். பரணியும் புறமும் நம்மிடத்து உண்டு. ஆயினும் புறத்திணை வகுத்த தொல்காப்பியர், இறந்தாரை நினைந்து இரங்கும் கையறுநிலையையும், கணவனை இழந்தாளது தாபத நிலையையும் காஞ்சித்திணையில் வைத்தார். வாளைப் பாடியவர் தாயின் கண்ணீரையும் இலக்கணத்துள் அடக்கினர். மரினெத்தியின் இலக்கணத்தில் அதற்கு இடமில்லை.

இவ்விடத்து எம் சொந்தத் துயர் ஒன்றையும் சொல்லவேண்டியுள்ளது. இளமைக்கு விரைவு இனிது. அதனை யாம் மறுக்கமாட்டோம். எம் பள்ளித்தோழர் ஒருவர் புதிய மோட்டார் சைக்கிள் வாங்கிய நாளில், அவர் பின்னே அமர்ந்து கிழக்குக் கடற்கரைச் சாலையிற் பறந்தோம். காற்று முகத்தில் அறைய, சவுக்குத்தோப்புக்கள் ஒரே பச்சைக்கோடாய் ஓட, பால்லாவின் படத்துள் நாமே புகுந்ததுபோல் இருந்தது அவ்வின்பம். நான்கு திங்கள் கழித்து அதே சாலையில், ஓர் இரவு, அவர் தனியே சென்று மீளாராயினர். அவருடைய அன்னையார் இன்றும் வாயிற்படியில் வண்டியோசை கேட்டால் எழுந்து நிற்கின்றார். நிற்போர் என்னும் படத்தை யாம் முதன்முதற் கண்டபோது எம் கண்முன் தோன்றியவர் அவரே.

பழமையை என் செய்வது?

1910 ஜூலையில் வருங்காலக் கொள்கையினர் வெனிஸ் நகரத்து மணிக்கூண்டின்மேலேறித் துண்டுப்பிரசுரங்களை வீசினர். சிதையும் மாளிகைகளை இடித்து, அவ்விடிபாட்டால் நாற்றமுடைய கால்வாய்களைத் தூர்க்க என்பது அவர் கூற்று. கால்வாயால் இருபாலாய்ப் பிரிந்த பழைய நகரமாகிய புதுச்சேரிக்கும் இவ்வினா உரியதே. 19ஆம் நூற்றாண்டில் எழுந்த நம் நகரமண்டபமாகிய மேரி கட்டடம், பழுது பாராது விடப்பட்டு, 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. இடிந்ததை விடுத்துப் புதுமுறையில் ஒன்று கட்டியிருக்கலாம். ஆயினும் பழைய வடிவிலேயே, புதிய பொறியியல் துணைகொண்டு, மீண்டும் எழுப்பி 2021இல் திறந்தனர். பழமையைக் காத்ததும் புதுமையே. எம் தமையனார் பயிலும் பொறியியல் இல்லாவிடில், யாம் விரும்பும் பழைய முகப்பு இன்று இல்லை.

அரியாங்குப்பம் ஆற்றங்கரையிலுள்ள அரிக்கமேட்டில், 1945இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தபோது செந்நிற மட்கல ஓடுகள் கிடைத்தன. அவை இத்தாலியிலுள்ள அரெச்சோ நகர வகையைச் சார்ந்தவை, கி.பி. முதல் நூற்றாண்டளவில் கடல் கடந்து வந்தவை. அவ்வோடுகளின் காலம் முன்னரே தெரிந்திருந்தமையின், அவற்றோடு கிடைத்த நம் நாட்டுப் பொருள்களின் காலமும் துணியப்பட்டது. இத்தாலியர் குப்பை என்று எறியச் சொன்ன பழமையின் ஒரு துண்டே தமிழ்நாட்டு வரலாற்றுக்கு விளக்காயிற்று! அவ்வோடும் ஒருகாலத்தில் ஓடியதே. பருவக்காற்றில் விரிந்த பாயின்கீழ் அந்நாளைய பெருவிரைவிற் கடலைக் கடந்ததே. பழையது என்று நாம் கைவிடுவனவெல்லாம் தம் காலத்தில் இயங்கியவையே. மரினெத்தி கூட்டத்தாரின் படங்களும் இன்று எங்குள்ளன? பொச்சோனியின் ரெயில் நிலையப் படங்கள் நியூயார்க்கிற் பொருட்காட்சிசாலையில் உள்ளன. அழிக்கவேண்டும் என்ற இல்லமே அவற்றைக் காத்து நிற்கின்றது.

முடிவுரை

இனி எம் தமையனார்க்கு விடை கூறுவாம். அண்ணா, யாம் தேரைவிட்டு இறங்கவில்லை என்றீர். அகநானூற்றின் நான்காம் பாட்டில், குறுங்குடி மருதனார் ஒரு தேரைக் காட்டுகின்றார். கார்காலம் வந்துவிட்டது, காத்திருப்பாளிடம் தலைவன் விரைந்து வருகின்றான். குதிரைகள் தாவுகின்றன. ஆயினும் வழியோரத்துப் பூக்களிலே தேனுண்ணும் வண்டுகள் துணையோடு இருக்கின்றன. தேர்மணியின் ஒலியால் அவை கலங்குமென்று அஞ்சி, மணியின் நாவைக் கட்டிவிட்டு அத்தேரைச் செலுத்துகின்றான். விரைவு அங்கும் உண்டு. ஆயின் அவ்விரைவுக்கு முன்னே காத்திருப்பாள் ஒருத்தி உண்டு; வழியிலே வண்டினத்தின்மேல் இரக்கம் உண்டு. மிலான் நகரத்து மோட்டார் வண்டிக்கு விசை இருந்தது, ஒலி இருந்தது, அழகும் இருந்தது. யாரிடம் செல்கின்றது என்பதுமட்டும் இல்லாதிருந்தது.

ஆதலின் வருங்காலக் கொள்கையினரிடம் நாம் கற்கத்தக்கன பல. இயந்திரத்தையும் கலைக்கண்ணால் நோக்கலாம். ரெயில் நிலையமும் பாடுபொருளாகலாம். ஊரின் இரைச்சலுக்கும் செவிகொடுக்கலாம். பழையன நீங்குதலும் புதியன சேர்தலும் காலத்தின் இயல்பு என்று நன்னூலாரும் இடந்தந்தாரன்றோ! ஆனால் முன்னோரை எரித்துத்தான் வருங்காலத்திற்கு ஒளி காட்டவேண்டும் என்பதையும், பிறர் குருதியால் உலகம் தூய்மையாகும் என்பதையும் நாம் கொள்ளோம்.

புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில், மாலை ஆறு மணிக்குமேல் வண்டிகளை விடுவதில்லை. பகலெல்லாம் விரைந்த அதே சாலையில், முதியோரும் மகவேந்திய தாயரும் நினைவுச்சின்னத்தின்முன் மெல்ல நடந்து செல்வர். மறுநாட் காலை மீண்டும் வண்டிகள் ஓடும். விரைதற்கு ஒரு பொழுதும் நடத்தற்கு ஒரு பொழுதும் வைத்த அச்சாலையே எமக்கு நல்லாசிரியன். நண்பர்களே! புதிய இயந்திரங்களைச் செய்வோம், பழைய பாட்டுக்களையும் படிப்போம், தேரைச் செலுத்துவோம், மணியின் நாவைக் கட்டவும் மறவாதிருப்போமாக.